மூக்கடைப்போடு கழிந்த நாற்பது நாள்கள்

8 வயதில் எங்கள் வீட்டு வளவில், மழைத் தண்ணீர் நின்றிருந்த முற்றத்துக் கல்லில் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன். அப்போது ஒரு பக்கமாக நகர்ந்த மூக்குத் தண்டு, நடுவில் மேடு தட்டி அப்படியே நின்றுவிட்டது. சின்ன அடி என்று பெரியவர்கள் மஞ்சள் பற்றுப் போட்டு விட்டுவிட்டார்கள். வளர்ந்த பிறகு, "மூக்கும் முழியுமா இருக்கா" என்று யாரையாவது யாராவது புகழக் கேட்கும்போதெல்லாம் என் கை தானாகப் போய் அந்த மேட்டைத் தடவும். 32 வயதில், என் சம்பளத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு, சென்ற ஆண்டு ஜூன் மாதம் மதுரையில் மூக்கைச் சீரமைத்துக்கொண்டேன். அழகுக்காகத்தான் செய்துகொண்டேன், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு துவாரங்களையும் பிரிக்கும், கோணியிருந்த நடுச்சுவரையும் அதே அறுவையில் நேராக்கினார்கள்.

அறுவைக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் வலியைப் பற்றியும், கண்ணுக்குக் கீழே கன்றிப்போவதைப் பற்றியும்தான் சொன்னார்கள். எனக்கு வலி மிகக் குறைவாகவே இருந்தது. மாத்திரை இரண்டு நாளுக்குமேல் தேவைப்படவில்லை. என்னை வாட்டியது மூக்கடைப்பு. சளி பிடித்தால் வருவதைப்போல் சிந்தினால் குறைகிற அடைப்பு இல்லை அது. இரண்டு துவாரத்திலும் களிமண்ணை அப்பிவிட்டதைப்போல, நாள் முழுதும், இராத்திரி முழுதும் அசையாமல் இருந்த அடைப்பு. இதைப் பற்றி முன்கூட்டியே யாராவது விரிவாகச் சொல்லியிருந்தால் நான் செய்த இரண்டு மூன்று தவறுகளைச் செய்திருக்க மாட்டேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

அடைப்பு ஏன் வருகிறது என்பது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். எலும்பைச் செதுக்கி, குருத்தெலும்பைத் திருத்தி, நடுச்சுவரின் மெல்லிய தோலைப் பிரித்து மறுபடி ஒட்டவைக்கும்போது, உள்ளே இருக்கும் சவ்வு முழுவதும் வீங்கிக்கொள்கிறது. மூக்கின் உட்புறப் பாதை ஏற்கெனவே மிகக் குறுகலானது. அதன் பக்கச் சுவர்களில் இருக்கும் சதை மடிப்புகள் இரத்தம் நிரம்பினால் பருத்து, வடிந்தால் சுருங்கும் இயல்புடையவை. அந்த வீக்கத்தோடு உறைந்த இரத்தமும் பொருக்கும் சேர்ந்துகொள்கின்றன. நடுச்சுவரைத் தாங்க வைக்கும் சிலிக்கான் தகடுகளும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக, வழியில்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சளி அன்று, வீக்கம். வீக்கத்தைச் சிந்தி வெளியேற்ற முடியாது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பழங்கால வைத்தியரான சுசுருதர் காலத்திலேயே மூக்கைச் சீரமைக்கும் முறை இந்நாட்டில் இருந்தது என்பது பலருக்கும் தெரியும். கன்னத்துத் தோலை எடுத்து மூக்கில் பொருத்திய பிறகு, மூச்சு தடையில்லாமல் போவதற்காக இரண்டு துவாரங்களிலும் குழாய் போன்ற தண்டுகளைச் செருகச் சொல்லியிருக்கிறார் என்பதை நான் பிறகுதான் படித்தேன். என் மூக்கில் இருந்த சிலிக்கான் தகட்டிலும் சிறிய குழல் ஒன்று இருந்தது. அவ்வளவு பழங்காலத்து வைத்தியர் ஒருவரும் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் என்று அறிந்தபோது, நான் பட்ட அவதி ஒன்றும் மிகையானது இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

அறுவைக்கு மறுநாள் மதுரையிலிருந்து காரில் காரைக்குடிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் வீட்டுக்கு வந்துசேர்ந்தேன். தலையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும், 30 முதல் 45 பாகை வரை சாய்வு இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தட்டையாகப் படுத்தால் தலைக்கு இரத்தம் கூடி வீக்கமும் அடைப்பும் அதிகமாகும் என்பதே காரணம். மூன்று தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். நடு இராத்திரியில் அவை சரிந்து, கழுத்து மடங்கி, மூச்சு முட்டி எழுந்தேன். மறுநாள் காலையில் அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒன்றும் சொல்லாமல், மேல்வீட்டில் கிடந்த ஐயாவின், அதாவது என் தாத்தாவின், ஈசிசேரைத் துடைத்து இறக்கிக்கொண்டு வந்தார். ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு நாற்காலி. பிரம்புப் பின்னல், நீண்ட கைகள், முதுகுக்கு அளவெடுத்ததைப் போன்ற சாய்வு. அடுத்த 16 இரவுகளும் நான் தூங்கியது அதில்தான். பழைய வீடுகளில் இப்படி ஒன்று கிடந்தால் அறுவைக்கு முன்பே பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தலையணை அடுக்கைவிட எவ்வளவோ மேல்.

வாயால் மூச்சு விடுவது முதல் வாரத்தின் பெரிய துன்பம். மூக்குதான் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. அந்த வேலை நின்றவுடன் நாக்கு அட்டையைப்போல் காய்ந்து, தொண்டை எரிந்து, உதடு வெடித்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்புத் தண்ணீரும், உதட்டுக்கு வெண்ணெயும் வைத்துக்கொண்டேன். மின்விசிறி முகத்துக்கு நேரே சுழலாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சன்னலோரம் நனைத்த பருத்தித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். சிவகங்கைப் பக்கத்து வறண்ட காற்றில் அந்த ஒரு துண்டு செய்த உதவி பெரிது. மூச்சு முட்டுகிறதே, தூக்கத்தில் நின்றுவிடுமோ என்ற பயம் இரவு 2 மணிக்கு வரும். வாய் வழியாகப் போகும் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தால் அது தணியும்.

எங்கள் அப்பத்தாவுக்கு என் அறுவையில் சம்மதமே இல்லை. ஆனால் நான் வந்து படுத்த நாளிலிருந்து என் பக்கத்தைவிட்டு நகராதவரும் அவர்தான். நொச்சி இலை ஆவி பிடிக்கலாம், விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை உறிஞ்சலாம், ஓமத்தைத் துணியில் முடிந்து முகரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சளிக்கு இவை நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்பவை. அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் புதிதாக அறுத்த இடத்தில் சூடான ஆவி பட்டால் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவு வரலாம். மூக்கின்மேல் ஒட்டிய பட்டையும் ஈரத்தில் கழன்றுவிடும். மஞ்சள் புகை தும்மலைக் கிளப்பும். இதை மருத்துவரே தொலைபேசியில் அப்பத்தாவுக்கு விளக்கிச் சொன்னார். அப்பத்தா யோசித்துவிட்டு, காய்ந்த நொச்சி இலையை ஒரு சிறு தலையணையில் அடைத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆறு வாரம் கழித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆவி பிடித்தேன்.

நான்காம் நாள் காலையில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். "ஒரு பக்கம்கூடத் தொறக்கலை அப்பத்தா" என்று நான் அழுதபோது, அவர் அடுப்படிக்குப் போய் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, நன்றாகத் துடைத்து எடுத்துவந்தார். என் மேலுதட்டுக்கு மேலே, மூக்கில் படாமல் அதைக் கிடையாகப் பிடித்து, "வாய மூடிக்கிட்டு மெதுவா விடுத்தா" என்றார். தட்டில் வலப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆவி படிந்தது. இடப்பக்கம் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு. சில நொடியில் இரண்டும் மறைந்துவிட்டன. "வருதுல்ல? வலத்துல ஓடுது. சாயங்காலம் பாரு, இடத்துக்கு மாறும்" என்றார். சாயங்காலம் மறுபடி பிடித்துப் பார்த்தபோது இடப்பக்க ஆவிதான் பெரிதாக இருந்தது.

சரம் பார்ப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு துவாரங்களும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று சற்றே அடைத்து மற்றது திறக்கும். 1895ல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். நலமாக இருக்கும்போது இந்த மாற்றம் நமக்குத் தெரிவதே இல்லை. அறுவைக்குப் பிறகு பாதை குறுகியிருப்பதால், முறைப்படி அடைக்கும் பக்கம் முழுவதும் அடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. "வலப்பக்கத்தைச் சரியாகச் செய்யவில்லையோ" என்று காலையிலும், "இல்லை, இடப்பக்கம்தானோ" என்று மாலையிலும் நான் கலங்கியதற்கு இதுதான் காரணம். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை தட்டுப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. ஒரே பக்கம் நாள்கணக்கில் ஆவியே படியாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; மாறி மாறி வந்தால் பொறுத்திருக்கலாம்.

உப்புநீர்த் தெளிப்புதான் இந்த நாள்களில் நம்பிச் செய்யக்கூடிய மருத்துவம். 0.9 விழுக்காடு உப்புள்ள நீர், அதாவது 1 லிட்டருக்கு 9 கிராம். நம் உடலின் நீரோடு ஒத்த அளவு என்பதால் எரியாது. பொருக்கை இளக்கி, சவ்வை ஈரமாக வைத்திருக்கும். எனக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு தெளிப்பு என்று சொல்லியிருந்தார்கள். தெளித்துவிட்டு உறிஞ்சக் கூடாது, சிந்தக் கூடாது; வழிந்து வருவதை மேலுதட்டில் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பொருக்கு தட்டுப்பட்டால் விரலோ ஊக்கோ போடக் கூடாது. துவாரத்தின் விளிம்பில் மட்டும், கொடுத்த களிம்பைப் பஞ்சுக் குச்சியால் தடவினால் தானே இளகி வரும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் தெளிப்பானே நல்லது என்பது என் கருத்து. வீட்டில் கரைப்பதானால் தண்ணீரில்தான் கவனம் வேண்டும். "சம்பை ஊத்துத் தண்ணிய விடவா சுத்தம்?" என்று காரைக்குடியின் ஊற்றுநீரைச் சொல்லி எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். குடிப்பதற்கு அமிர்தமான தண்ணீரும் மூக்குக்கு ஆகாமல் போகலாம். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும். பக்கத்துக் கேரளத்தில் 2024லும் 2025லும் இப்படிப்பட்ட மூளைக்காய்ச்சல் செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்து, அதில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். அதே காரணத்துக்காக, மருத்துவர் சொல்லும்வரை ஊருணியில் தலை முழுகுவதையும் விட்டுவிடுங்கள்.

தும்மலுக்கு நான் பயந்ததைப்போல வேறெதற்கும் பயந்ததில்லை. அடக்கினாலும் கெடுதல், மூக்கால் தும்மினாலும் கெடுதல். தும்மல் வருவது தெரிந்தவுடன் வாயை அகலத் திறந்து, "ஹா" என்று வாய் வழியாகவே விட்டுவிட வேண்டும். வெறுமனே பத்து முறை பழகிக்கொண்டால் வேளைக்குக் கைகொடுக்கும். ஐந்தாம் நாள் இரண்டாங்கட்டில் குழம்புப்பொடிக்கு வரமிளகாய் வறுத்தார்கள். நெடி முற்றம் கடந்து முகப்புவரை வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தும்மல். வாயைத் திறந்தே தும்மியதால் சொட்டு இரத்தத்தோடு போயிற்று. அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு வறுப்பதையும் சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவைத்தார்கள்.

ஏழாம் நாள் மதுரைக்குப் போனபோது மூக்கின் வடிவம் மாறாமல் இருக்க மேலே வைத்திருந்த அச்சையும் உள்ளே இருந்த தகடுகளையும் எடுத்தார்கள். அந்த நொடியில் குளிர்ந்த காற்று நெற்றிவரை ஏறியதைப்போல் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வீடு திரும்பி அன்று இரவே மறுபடி அடைத்துக்கொண்டது. தகடு எடுத்த பிறகு சவ்வு மீண்டும் சற்று வீங்குவது வழக்கம்தான். எனக்கு அது தெரியாததால், என் பெரிய தவறு அங்கேதான் நடந்தது.

கசிவு இருந்தால் மூன்று நாள் மட்டும் போடச் சொல்லி, சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து ஒன்றை எழுதித் தந்திருந்தார்கள். போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். அந்தச் சுகத்துக்கு மயங்கி, மூன்று நாள் முடிந்தும் நிறுத்தாமல், கடையில் இன்னொரு குப்பி வாங்கிவரச் சொல்லி, மொத்தம் 11 நாள் போட்டுவிட்டேன். முதலில் எட்டு மணி நேரம் தாங்கியது, பிறகு நான்கு மணி நேரமாயிற்று, கடைசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை குப்பியைத் தேடியது. இந்த மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வழியைத் திறக்கின்றன. நாள்கணக்கில் போட்டால், மருந்து இறங்கியவுடன் முன்னிலும் அதிகமாக வீங்கிக்கொள்ளும். அதாவது அறுவையின் வீக்கத்தோடு மருந்தின் வீக்கத்தையும் நானே சேர்த்துக்கொண்டேன். தொலைபேசியில் மருத்துவர் கோபப்படவில்லை. "இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா, நான்கைந்து இரவு கஷ்டமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வேறொரு தெளிப்பானை எழுதித் தந்தார். ஆறு இரவு ஆயிற்று. உடனடியாகத் திறக்கும் எந்த மருந்தையும், எழுதிக் கொடுத்த நாளுக்குமேல் ஒரு நாள்கூடப் போடாதீர்கள்.

தைலம் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். தைலத்தில் இருக்கும் மெந்தால் வீக்கத்தைக் குறைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுவதால் காற்று நன்றாகப் போவதாக நமக்குத் தோன்றுகிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் வழியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021ல் நோபல் பரிசு பெற்றார்களே, அந்த ஆராய்ச்சியில் மிளகாயின் காரமும் மெந்தாலின் குளிர்ச்சியும் முக்கியப் பங்கு வகித்தன. தோற்றமே ஆனாலும் ஆறுதல் ஆறுதல்தான் என்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நெஞ்சில் மட்டும் கொஞ்சம் தடவிக்கொண்டேன். மூக்குக்குள்ளோ மூக்கின்மேலோ தடவக் கூடாது.

குனிவதைப் பற்றி எச்சரித்திருந்தும் இன்னொரு தவறு செய்தேன். 16ஆம் நாள் பெரியப்பச்சியின் வயது நிறைவுச் சாந்தி விழா. பந்தலில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, விழுந்து கும்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. குனிந்து எழுந்ததும் முகம் முழுதும் விண்விண் என்று தெறித்து, இரண்டு துவாரமும் ஒருசேர அடைத்து, கொஞ்சம் இரத்தமும் எட்டிப்பார்த்தது. நின்றபடி கைகூப்பினால் யாரும் குறையாக நினைத்திருக்க மாட்டார்கள். மூன்று வாரத்துக்கு வாசலில் கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, தலைகுனிந்து எண்ணெய் தேய்த்து முழுகுவது எல்லாமே வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து யாரையாவது அலசிவிடச் சொல்லுங்கள். தலைவழியாக மாட்டும் உடைக்குப் பதில் முன்பக்கம் பொத்தான் வைத்ததைப் போடுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி அறைகள் ஆண்டு முழுதும் பூட்டியே கிடப்பவை. எனக்குச் சிறுவயதிலிருந்தே தூசி ஆகாது. அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லாமல் விட்டது என் பிழை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அடைப்பு நீளும் என்பதால் முதலிலேயே அதற்கு மருத்துவம் பார்த்திருப்பார்கள். போதாததற்கு நான் மூன்றாம் வாரத்தில் இருக்கும்போது ஆடிக் காற்று பிறந்து, செம்மண் புழுதியை முற்றத்தில் கொண்டுவந்து கொட்டியது. நாள் குறிக்கும் உரிமை நம் கையில் இருக்கும் அறுவை என்பதால், ஆடிக்கு முன் ஆறு வாரமாவது இடைவெளி விட்டு வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாள்களில் என் அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன்.

மணம் தெரியாமல் போனதுதான் செட்டிநாட்டில் பிறந்தவளுக்கு இரட்டைத் துன்பம். காற்று மேலே ஏறாததால் கல்பாசியும் அன்னாசிப்பூவும் போட்ட குழம்பு வெறும் உப்பும் புளியுமாகத்தான் இருந்தது. முதல் வாரம் அழுத்தி மெல்லக் கூடாது என்பதால் இடியாப்பம், குழைந்த சோறு, வெதுவெதுப்பான மிளகு ரசம்; பிறகு ஆடி பிறந்ததும், உளுந்தும் வெல்லமும் சேர்த்துக் கிளறும் கும்மாயம். சூடும் காரமும் மிதமாகவே இருக்கட்டும். ஐந்தாம் வாரம் வரமல்லி வறுக்கும் வாசம் மெல்லியதாக வந்தபோது, நான் எழுந்து அடுப்படிக்கே போய் நின்றேன்.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. ஒரு பக்கமோ இரு பக்கமுமோ திடீரென்று முழுதாக அடைத்து, வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால், நடுச்சுவரின் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருக்கலாம். உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு கெட்டு மூக்கே அமுங்கிவிடும். காய்ச்சல் 101 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, துர்நாற்றத்தோடு சீழ், நிற்காத இரத்தம், ஒரு பக்கம் மட்டும் தண்ணீராகச் சொட்டிக்கொண்டே இருப்பது ஆகியவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊர் தள்ளி இருப்பவர்கள் முதல் பத்து நாளுக்கு இரவில் கூப்பிட்டால் வரும் வண்டி ஒன்றைச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

40ஆம் நாள் வாக்கில் இரண்டு பக்கமும் ஓரளவு நிலையாகத் திறந்தன. அதன்பிறகும் விடியற்காலையில் அடைப்பது மூன்றாம் மாதம்வரை இருந்தது. மூக்கு நுனியின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டுகூட ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அறுவைக்கு முன் கழற்றிய வைர மூக்குத்தியை ஆவணியில், பத்தாம் வாரத்தில்தான் மருத்துவரின் அனுமதியோடு போட்டுக்கொண்டேன். துளை சற்றே தூர்ந்திருந்ததால் வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்காமல், காரைக்குடிக்குப் போய்ப் பழக்கமான ஆசாரியிடம் காட்டினோம். அவர் மெல்லிய கம்பியில் எண்ணெய் தொட்டு வழியைப் பார்த்து, திருகாணியைப் பூட்டினார். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா மூக்குத்தியைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.